துறையில் சொன்ன பெயர்

"கேட்டுட்டுத்தான் அம்மா பழகினன்," என்றாள் நிருஷா.

கேதீஸ்வரி கிணற்றடியில் குந்தியிருந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். மகள் கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்து, கால் பெருவிரலால் ஈர மண்ணைக் கிளறியபடி சொல்ல வந்ததை ஒருவழியாகச் சொல்லி முடித்திருந்தாள். இப்படி ஒரு நாள் வரும் என்று தாய்க்குத் தெரியாமல் இல்லை. களுவாஞ்சிக்குடியில் பார்மசி வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் பெண்ணுக்கு ஃபோனைப் பார்த்துச் சிரிக்கிற வியாதி வந்தது. சோறு தின்னும்போதும் சிரிப்பு, உடுப்புத் துவைக்கும்போதும் சிரிப்பு. மகள் வந்து சொன்னால் முதலில் கொஞ்சம் சத்தம் போடுவது, இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பது, மூன்றாம் நாள் "பொடியன் ஆர்?" என்று விசாரிப்பது என்று கேதீஸ்வரி மனதுக்குள் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியும் வைத்திருந்தாள். தான் ஓடிப்போய்க் கலியாணம் முடித்தவள், மகளைத் தடுக்க எந்த முகத்தோடு போவது என்ற கூச்சமும் இருந்தது.

"என்னத்தக் கேட்டுட்டுப் பழகின?"

"குடியத்தான். பஸ்சில கதைக்கத் தொடங்கின கிழமையே கேட்டுட்டன். இவளவைகள் எல்லாம் முதல்ல லவ் பண்ணிட்டு மறுகா குடியக் கேட்டுக் குழறுறாளுகள். நான் அப்பிடிக் கழுதையில்ல." நிருஷாவுக்குத் தன் கெட்டித்தனத்தில் அவ்வளவு பெருமை. "அவர் பேர் டிலக்சன். கோயில் திருவிழாவுக்கு மைக் செட், லைட் எல்லாம் போடுறவர். அவங்க பெத்தான்குடியாம். அப்பாட குடி! நாம வைத்தனாகுடி. அப்ப மச்சான் முறைதானே வருது? இதவிட என்ன பொருத்தம் வேணும் உங்களுக்கு?"

இறாலின் தலைமுள் கேதீஸ்வரியின் கட்டைவிரலில் ஏறியது. அவள் கையை உதறவில்லை. விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மட்டக்களப்பில் பிறந்தவர்களுக்குக் குடி என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குடி தாய்வழியாக வருவது. தாய் என்ன குடியோ பிள்ளையும் அதுதான். தகப்பனுடைய குடி தகப்பனோடு சரி. ஒரே குடியில் பிறந்த ஆணும் பெண்ணும் முகம் பார்த்தே இராதவர்களாக இருக்கலாம், ஒருவர் வாகரையிலும் ஒருவர் திருக்கோவிலிலும் கிடக்கலாம், ஆனாலும் அவர்கள் அண்ணன் தங்கைதான். வேறு சாதியில் முடித்தால், வேறு சமயத்தில் முடித்தால், தாய் தகப்பன் நாலைந்து வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்துவிட்டுப் பேரப்பிள்ளையைப் பார்க்கும் சாட்டில் பிஸ்கட் பெட்டியோடு வந்து இறங்கிவிடுவார்கள். ஒரே குடிக்குள் முடித்தவர்களைத் தேடி யாரும் வருவதில்லை. திட்டக்கூட மாட்டார்கள். பெயரைச் சொல்வதை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான்.

நிருஷாவின் கணக்கில் எந்தப் பிழையும் கிடையாது. வைத்தனாகுடிப் பெண்ணுக்குத் தகப்பனுடைய குடியிலிருந்து, மாமி மகன் முறையில், மாப்பிள்ளை வருவது விளக்குப் பிடித்துத் தேடினாலும் கிடைக்காத பொருத்தம். ஆனால் அவள் வைத்தனாகுடி இல்லை. அவளைப் பெற்றவள் பெத்தான்குடி. தகப்பன் குணரெத்தினமும் பெத்தான்குடி. இது அவர்கள் இரண்டு பேரையும் தவிர இந்தக் கரையில் ஒரு குஞ்சுக்கும் தெரியாது.

கேதீஸ்வரி வாவிக்கு அந்தப் பக்கம், எழுவான்கரையில், களுதாவளைக்குக் கொஞ்சம் தள்ளியிருக்கிற ஒரு கடலோர ஊரில் பிறந்தவள். தகப்பன் இல்லை. கூடப் பிறந்த இன்னொரு பெண்ணும் இல்லை. அந்த ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. கட்டிக்கொள்ள வருகிறவன் அந்த வீட்டுக்கு வந்து குடியிருக்க வேண்டும். அதனால் தாய் தென்னந்தோப்புக் காசைச் சிறுகச் சிறுகச் சேர்த்து மகளுக்கு ஒரு கல்வீடு எழுப்பினாள். அதைக் கட்ட வந்தவன்தான் வந்தாறுமூலைப் பக்கத்து மேசன் குணரெத்தினம். மெலிந்த உடம்பு, வெடுக்கென்ற சிரிப்பு. முன்வாசலுக்கு மேல் சீமெந்தில் ஒரு தாமரை மொட்டும் இரண்டு பக்கமும் அன்னமும் வைக்கிறேன் என்று தானாகவே கேட்டு வாங்கிச் செய்தான். அன்னம் என்று தொடங்கியது கழுத்துக் குட்டையாகி, சொண்டு தடித்து, அசல் தாரா வாத்தாக வந்து நின்றது. கேதீஸ்வரி கீழே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் மேலே சாரக்கட்டில் நின்று, சிரிக்கிறவளைப் பார்த்தான். அந்த இடத்தில்தான் எல்லாம் தொடங்கியது.

தாய்க்கு மேசனைப் பிடித்திருந்தது. மகளின் கண் எங்கே போகிறது என்பதையும் அவள் கண்டுகொண்டாள். ஒரு நாள் தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு, ஆசையோடுதான் கேட்டாள்: "மனே, நீ என்ன குடி?" அவன் உள்ளதைச் சொன்னான். அவள் வெறுங்கையைச் சேலையில் துடைத்தாள். பிறகு, "அப்ப நீ இவளுக்கு அண்ணன், மனே. வேலைய முடிச்சிட்டுப் போ," என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் ஒருவேளை கேதீஸ்வரி பயந்து அடங்கியிருப்பாள். இரண்டு நாள் யோசித்தாள். புது வீட்டின் சுண்ணாம்பு வாசனையில் தனியே நின்று யோசித்தாள். இந்த வீடு, தாய், கோயில், ஊர் எல்லாம் ஒரு பக்கம். அவன் ஒரு பக்கம். இருபத்தொரு வயதில் அது பெரிய பாரமாகத் தெரியவில்லை. ஒரு துணிப்பையோடு புறப்பட்டுவிட்டாள்.

அது சண்டைக் காலம். எழுவான்கரை ஆமியின் கையில், இந்தப் பக்கத்துப் படுவான்கரை இயக்கத்தின் கையில். நடுவில் கிடக்கிற வாவியைத் தோணியில் கடந்துவிட்டால் வேறு நாட்டுக்குப் போனது மாதிரி. தேடி வருகிறவர்கள் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். விடியற்காலையில் மண்டூர்ப் பக்கத்துத் துறையில் இருவரும் இறங்கியபோது, வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதர் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. "என்ன குடி மக்காள்?" என்றுதான் கேட்டார். குணரெத்தினம் தனக்குப் பெத்தான்குடி என்று சொன்னான். அவளைக் காட்டி, சற்றும் தயங்காமல், "இவ வைத்தனாகுடி" என்றான். உண்மையைச் சொல்லி ஒருமுறை பட்டது போதும் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். அது அவனுடைய தகப்பனின் குடி. நாக்கில் முதலில் வந்த பெயர். மனிதர் தலையாட்டிவிட்டு வலையைப் பார்க்கப் போனார். அந்தச் சொல் அவளுக்குப் பின்னாலேயே ஊருக்குள் வந்து, வீட்டுக்குள் வந்து, கோயிலுக்குள்ளும் வந்தது.

கோயிலில்தான் அவளுக்குப் பயம் கூடும். வைகாசிச் சடங்கின் முடிவில் குடிகுடியாகப் பெயர் கூப்பிடுவார்கள். "வைத்தனாகுடி!" என்றதும் அவள் முன்னால் போய்க் கைநீட்டித் தீர்த்தம் வாங்குவாள். மற்றவர்களுக்குரியதை அம்மனின் கண்ணுக்கு முன்னாலேயே களவெடுப்பது போல இருக்கும். முதல் வருடம் அப்படி வாங்கிக் குடித்தபோது வயிற்றில் பிள்ளை இருந்தது. பிறந்த பிள்ளைக்கு நிலோஜன் என்று பெயர் வைத்தார்கள். பால் குடிக்கும்போதே உதடு நீலம் பாரித்துப் போகும். சென்றி சென்றியாக ஆமிக்காரனிடம் கெஞ்சி, மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, இருதயத்தில் ஓட்டை, கொழும்புக்குக் கொண்டு போக வேண்டும் என்று டொக்டர் சொன்னார். கொழும்பு அப்போது சந்திரனில் இருந்தது. தவழத் தொடங்கு முன்னரே பிள்ளை போய்விட்டது. இருதயத்தில் ஓட்டை எந்தக் குடியிலும் வரும், யாருக்கும் வரும் என்று கேதீஸ்வரிக்குத் தெரியும். தெரிந்து என்ன? அந்தப் பிள்ளையைப் புதைத்த நாளிலிருந்து அவள் அடுத்த தண்டனைக்காகக் காத்துக்கொண்டே இருந்தாள். நிருஷா பிறந்து நடந்து பள்ளிக்கூடம் போய்ப் பெரியவளானாள். சண்டை முடிந்தது, பாதை திறந்தது, ரோட்டுப் போட்டார்கள், கறண்ட் வந்தது. எதுவும் நடக்கவில்லை. நடக்காதது அவளை இன்னும் கூடப் பயப்படுத்தியது.

இப்போது விளங்கிவிட்டது. இதற்காகத்தான் இத்தனை காலம் அவகாசம் கொடுக்கப்பட்டிருக்கிறது.

"என்னம்மா, ஒண்டும் சொல்லுறீங்கல்ல?" என்றாள் நிருஷா. "விரலில ரெத்தம் வருது."

"அப்பா வரட்டும், கதைப்பம்," என்று சொல்லிவிட்டுக் கேதீஸ்வரி எழுந்தாள். அப்பா வரும்வரை அவளால் பொறுக்க முடியவில்லை. இறால் சட்டியை மூடி வைத்துவிட்டு, குடையையும் எடுக்காமல் வயல் வட்டைக்கு நடந்தாள்.

குணரெத்தினம் இப்போது மேசன் வேலைக்குப் போவதில்லை. சீமெந்து மூச்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு ஏக்கர் வயலைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறான். மழைத்தண்ணீர் கூடிவிட்டதென்று வரம்பை வெட்டி வடிய விட்டுக்கொண்டிருந்தான். அவள் மூச்சிரைக்கச் சொல்லி முடித்ததும் முதலில் சிரித்தான். சிரித்த வாய் மூட நேரமெடுத்தது.

"பெத்தான்குடிதானா? நல்லாக் கேட்டியா?"

"அவள் கேட்டுட்டுத்தான் பழகினாளாம்."

அவன் மண்வெட்டியை நட்டுவிட்டு வரம்பில் உட்கார்ந்தான். "கேதீஸ், நாம வாழயில்லயா? அண்ணன் தங்கச்சி எண்டு சொன்னாங்க. நாம என்ன அப்பிடியா இருந்தம்? குடியும் கத்தரிக்காயும்."

"ஒரு புள்ளயப் புதைச்சம்."

"அது வருத்தம். டொக்டர் சொன்னவர்."

"டொக்டர் உங்களுக்குத்தான் சொன்னார். எனக்குச் சொன்னது வேற ஆள்." யார் என்று அவன் கேட்கவில்லை. "அவளுக்கு உண்மையச் சொல்லிருவம். தெரியாமச் செய்யிறத விட, தெரிஞ்சு செய்யட்டும். நாம தெரிஞ்சுதானே செஞ்ச?"

"சொல்லு. சொன்னா அவள் முதல்ல டிலக்சனப் பத்தியா யோசிப்பாள்? தான் ஆருக்குப் பிறந்தவள் எண்டு யோசிப்பாள். அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் பிறந்த புள்ள எண்டு அவளே அவளுக்குப் பேர் வைப்பாள். அத உன்னால பாத்துக்கொண்டிருக்க ஏலுமா?" அவன் சேறு பட்ட கைகளைக் கூப்பினான். "நீ சொல்லாதகா. உன்னக் கும்பிடுறன்."

இந்த மனிதனுக்காகத்தான் அவள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தாள். அதற்கு ஒருநாளும் வருந்தியதில்லை. அதுதான் அவளுடைய பாவமென்றால் பாவம். குடித்துவிட்டு வந்து அடித்திருந்தால், வேறொருத்தியைத் தேடிப் போயிருந்தால், நான் செய்தது பிழை என்று என்றைக்கோ தலையில் அடித்துக்கொண்டு கணக்கைத் தீர்த்திருப்பாள். அவனோ இன்றும் அவள் சாப்பிடாமல் சாப்பிட மாட்டான். வரம்பில் குனிந்திருந்த அவனுடைய நரைத்த தலையைப் பார்த்தபோது அவளுக்கு அவன் மேல் ஆசையும் அச்சமும் ஒன்றாக வந்தன. வீட்டுக்குத் திரும்பினாள்.

அன்றிரவு குணரெத்தினம் மகளிடம் ஓமென்றான், கேதீஸ்வரியும் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு தரம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். ஒரு தரம் நிருஷாவுக்குத் தலை வாரிவிடும்போது. "மகள், ஒண்டு சொல்லணும்," என்றதும் நிருஷா திரும்பி, "நீங்க ஓமெண்டு சொன்னது எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? நீங்க வேணாமெண்டிருந்தா நான் செத்திருப்பன்," என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இளம் பிள்ளைகள் சாவை வெற்றிலை மாதிரி வாயில் போட்டு மெல்லுவார்கள், அதில் பெரிய அர்த்தமில்லை. ஆனாலும் கேதீஸ்வரி சீப்பை எடுத்துத் திரும்பவும் தலையை வாரத் தொடங்கினாள். மறு தரம் பேச்சைத் தொடங்கு முன்னரே டிலக்சன் ஃபோன் எடுத்துவிட்டான். "மாமி, சுகமா இரிக்கிறீங்களா?" என்றான். நல்ல குரல். குடிப்படி பார்த்தால் அவன் அவளுக்குத் தங்கையின் மகன். மாமி என்று கூப்பிட முடியாதவன். "ஓம் மகன், சுகம்," என்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். காலையிலிருந்தே வடக்கே இருண்டு கிடந்தது. மழையால் வாவி ஏறி, துறையின் பாதிப் படிக்கட்டைத் தின்றிருந்தது. மனிதரையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு இரு கரைக்கும் போய்வருகிற தட்டையான படகை இந்தப் பக்கத்தில் பாதை என்பார்கள். காற்று கூடினால் பாதை ஓடாது என்று ஓட்டுகிறவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஓடாமல் போகட்டும் என்று கேதீஸ்வரி மனதார வேண்டினாள். அது ஓடியது. டிலக்சனும் அவனுடைய தாயும் முதலில் இறங்கினார்கள். தாயின் தமையன் ஒருவர் வருவார், கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர், அவர் சொல்தான் அந்த வீட்டில் முடிவு என்று நிருஷா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். வெள்ளை வேட்டியை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்தபடி அந்த மனிதர் தண்ணீரில் கால் வைத்ததும் கேதீஸ்வரி ஆளை அடையாளம் கண்டுகொண்டாள். சீனித்தம்பியர். அவளுடைய சின்ன வயதில் ஊர்க் கோயிலில் குடிப்பெயர் கூப்பிட்டவர். அவர் "பெத்தான்குடி!" என்று கூப்பிட, அவளுடைய தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போவாள், சேலைத் தலைப்பைப் பிடித்தபடி இவளும் போவாள்.

"சுகமா இரிக்கிறியளா மச்சாள்?" என்றார் அவர், சிரித்தபடி. தன் குடிக்காரனுடைய பெண்சாதியை அப்படித்தானே கூப்பிட வேண்டும். அவருடைய கண்கள் அவள் முகத்தில் நிற்காமல் கடந்து போயின. எழுபது வயது இருக்கும். மறந்துவிட்டார். கேதீஸ்வரிக்கு உயிர் வந்தது.

ஆனால் வீட்டு வாசலுக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றியவர் நிமிர்ந்து நிலைக்கு மேலே பார்த்தார். அங்கே ஒரு தாமரை மொட்டு. இரண்டு பக்கமும் கழுத்துக் குட்டையான, சொண்டு தடித்த பறவைகள். இந்த வீட்டைக் கட்டியபோது, விட்டு வந்த வீட்டின் ஞாபகத்தில் கேதீஸ்வரிதான் அதே மாதிரி வேண்டும் என்று அடம்பிடித்தாள். அவளுக்கு அது வேண்டியிருந்தது. அவனும் அவள் ஆசைக்காக, நல்ல அன்னம் செய்யக் கைவந்த பிறகும், அந்தத் தாராக்களையே திரும்பச் செய்து வைத்தான்.

"இது ஆர் செஞ்ச வேல தம்பி?"

குணரெத்தினத்துக்கு ஆளை யாரென்று தெரியாது. தன் கைவேலையை யாராவது கேட்டால் அவனுக்கு வாய் தானாகத் திறந்துவிடும். "நான்தான், அண்ணன். முந்தி மேசன் வேலதான் செஞ்ச."

"அன்னமா?"

"அன்னமெண்டுதான் செஞ்ச."

"தாரா மாதிரி இரிக்கு," என்றார் சீனித்தம்பியர். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கேதீஸ்வரி மட்டும் குசினிக்குள் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் தேத்தண்ணித் தட்டத்தோடு வெளியே வந்தபோது அவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவசரமில்லாமல், வெற்றிலையை மடித்தபடி, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"இந்தத் துறைக்கு நான் முந்தியும் ஒருக்கா வெளிக்கிட்டனான். அப்ப வர விடல்ல, அங்கால கரையோட கிறுகிப் போனன். எங்கட குடியில ஒரு புள்ள. தகப்பன் இல்ல. தாய் ஆசப்பட்டு வீடு கட்டினா. கட்ட வந்த மேசனோட புள்ள போயிற்று."

"அது நடக்கிறதுதானே மாமா," என்றான் டிலக்சன்.

"நடக்கிறதுதான். ஆனா பொடியனும் பெத்தான்குடி."

டிலக்சனின் தாய் "சிவ சிவா" என்று வாயில் கை வைத்தாள். நிருஷா கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். இன்று கட்டிய நீலச் சேலை அவளுக்கு அவ்வளவு பொருந்தியிருந்தது. "தெரிஞ்சுமா போனாங்க?" என்றாள்.

"தெரிஞ்சுதான் மகள்."

"சீ, கேக்கவே அருவருப்பா இரிக்கு. எப்பிடி மனம் வந்திருக்கும்? அதுகளுக்குப் புள்ள குட்டி இருந்தா அந்தப் புள்ளைகள நினைச்சுப் பாருங்க."

குணரெத்தினத்தின் தலை குனிந்தது. கேதீஸ்வரி தட்டத்தை நீட்டினாள். சீனித்தம்பியர் கோப்பையை எடுக்கவில்லை. இப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அந்தத் தாய் போன வைகாசியில மோசம் போயிற்றா. சாகும் மட்டும் அந்த வீட்ட ஆருக்கும் குடுக்கல்ல. வாடைக்கும் விடல்ல. பூட்டி வச்சிட்டுப் பக்கத்தில கொட்டிலில கிடந்தா. கிழமைக்கு ஒருக்காத் திறந்து கூட்டுவா. ஊரெல்லாம் மகள தலைமுழுகிட்டம் எண்டு சொன்ன. அவ ஓமெண்டும் சொல்லல்ல, இல்லையெண்டும் சொல்லல்ல."

தட்டம் ஒரு பக்கம் சரிந்தது. நிருஷா ஓடி வந்து தட்டத்தை வாங்கினாள். கேதீஸ்வரி குசினிக்குத் திரும்பி, அடுப்புக்கு முன் குந்தி, புகைகிற விறகை ஊதத் தொடங்கினாள். அம்மா. எட்டிக் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் அம்மா கிடந்து செத்திருக்கிறாள். போன வைகாசியில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? நிருஷாவின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினோம். சிரித்தோம். கோயிலில் வேறொரு குடியின் பெயரைச் சொல்லித் தீர்த்தம் வாங்கினேன். தாய்க்குக் கொள்ளிவைக்க ஆளிருந்ததோ என்னவோ. அவளுக்கு ஓவென்று கத்தி அழ வேண்டும் போல் இருந்தது. முன்னறையில் சம்பந்தம் பேச வந்தவர்கள் இருக்கிறார்கள். சேலைத் தலைப்பை உருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

"என்னம்மா, புகையா?" என்று நிருஷா எட்டிப் பார்த்தாள்.

"ஓம் மகள், ஈர விறகு."

பிறகு எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. சோறும் இறால் கறியும் போட்டார்கள். டிலக்சனின் தாய் நிருஷாவின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சீனித்தம்பியர் வேறு ஒன்றும் கேட்கவில்லை, கேதீஸ்வரியின் ஊரைக் கேட்கவில்லை, தாயின் பெயரைக் கேட்கவில்லை. ஒரு வண்ணக்கர் கேட்க வேண்டிய முதல் கேள்விகள் அவை. கேட்டிருந்தால் அவள் ஏதாவது பொய்யைச் சொல்லித் தப்பியிருப்பாள். அவர் கேட்காமல் விட்டதில் அவளுக்கு ஓட இடம் இல்லாமல் போனது.

காற்று கூடுகிறது, பாதை இன்னும் ஒரு தரம்தான் போகும் என்று ஆள் வந்து சொன்னதும் எல்லோரும் துறைக்கு நடந்தார்கள். தண்ணீர் கறுத்துச் சுழித்துக்கொண்டிருந்தது. டிலக்சன் தாயைக் கைபிடித்து ஏற்றினான். சீனித்தம்பியர் கடைசியாக நின்றார். குணரெத்தினமும் நிருஷாவும் சற்றுத் தள்ளி, படகுக்காரனோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றார்கள்.

"வாறன் தங்கச்சி," என்றார் அவர்.

வந்து இறங்கியபோது மச்சாள் என்று கூப்பிட்ட அதே வாய். கேதீஸ்வரியால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"நாள் வைக்கிறதுக்கு முன்னம் ஒருக்கா அங்கால வா. தாய்ர வீட்டுக்கு. அதுவரைக்கும் நான் வாய் திறக்க மாட்டன்." குரலைத் தாழ்த்தினார். "புள்ளையக் கூட்டிக்கொண்டு வாறதா, தனிய வாறதா எண்டு நீதான் முடிவெடுக்கணும். தனிய வந்தா, இந்தக் கலியாணத்த நான் ஏதாவது சாட்டுச் சொல்லி நிப்பாட்டிருவன், உன்ட பேர் வெளிய வராது. உன்ட புள்ள கொஞ்ச நாள் அழும். கூட்டி வந்தா, அவளுக்கு எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் வீட்டுக் கதவத் திறக்க வேணும்."

அவர் படகில் ஏறினார். கயிற்றை அவிழ்த்தார்கள். மோட்டார் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்தது.

நிருஷா வந்து தாயின் தோளில் தாடையை வைத்துக்கொண்டாள். "என்னம்மா சொன்னார் மாமா? உங்களோட மட்டும் நிண்டு கதைச்சார்."

"ஒருக்கா அங்கால வரட்டாம்."

"ஆர்? நாம எல்லாருமா?"

கேதீஸ்வரி மகளைப் பார்த்தாள். மை சற்றுக் கலைந்திருந்தது. காலையில் முழுகிய தலைமயிர் காற்றில் அவிழ்ந்து முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அந்தக் கேள்விக்கு ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் போதும். அவள் அந்த மயிரை மகளின் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

படகில் எல்லோரும் அந்தக் கரையைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். சீனித்தம்பியர் மட்டும் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே, இந்தக் கரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். டிலக்சன் ஒரு தரம் திரும்பிக் கையைத் தூக்கினான். நிருஷா தாயை விட்டுவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் ஏறிய படியில் இறங்கி நின்று கையாட்டினாள். வடக்கேயிருந்து மழை வாவியின் மேலால் வெள்ளையாக நடந்து வந்தது. முதலில் அந்தக் கரை மறைந்தது. பிறகு படகு மறைந்தது. பிறகு மோட்டார்ச் சத்தமும் கேட்கவில்லை. முழங்காலுக்குத் தண்ணீர் வந்ததும் தெரியாமல், நிருஷா மழையைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே இருந்தாள்.